மிச்சமாகும் அந்த அரை வருடம்: ஒரு கொழிஞ்சாம்பாறை மாணவியின் ஆக்சுவரியல் பாதை

பின்னணி

சித்தூர் என்றதும் ஆந்திரத்துச் சித்தூரை நினைக்க வேண்டாம். இது பாலக்காட்டுச் சித்தூர். அந்த வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. ஒரு பக்கம் பாலக்காடு; வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர். வீட்டிலும் சந்தையிலும் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், பிளஸ் டூ பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். பள்ளிக் கல்வி முடிந்ததும் பிள்ளைகள் எந்த மாநிலத்துக்குப் பஸ் ஏறுவது என்ற கேள்வி இங்கே எல்லா வீட்டிலும் உண்டு.

இந்த ஆய்வுக்கு உரிய மாணவி பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் இரண்டு கறவையும். காலையும் மாலையும் பால் சொசைட்டி. மாணவி 2024 ஜூலையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் புள்ளியியலை முதன்மைப் பாடமாகவும் பொருளியலைத் துணைப் பாடமாகவும் எடுத்துச் சேர்ந்தார். கேரளம் முழுவதும் நான்காண்டு இளநிலைத் திட்டம் தொடங்கியதும் அந்த ஜூலையில்தான். ஆக, இவர் முதல் செட். எந்த விதி காகிதத்தில் இருக்கிறது, எது நடைமுறையில் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இவருக்கு சீனியர்கள் கிடையாது. அவர் பெயரும் கல்லூரிப் பெயரும் இங்கே தேவையில்லை. மகள் ஆக்சுவரி, அதாவது காப்பீட்டில் ஆபத்தையும் பிரீமியத்தையும் கணக்கிடும் நிபுணர், ஆவது பற்றி, புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள்.

ஆக்சுவரி வேலை என்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்கியது நானல்ல, மகளே. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தைக் கையில் எடுத்தார். 4 முதல் 15 வயது வரையிலான மரத்துக்குக் காப்புத்தொகை 900 ரூபாய், பிரீமியம் 9 ரூபாய். 16 முதல் 60 வயது வரை 1,750 ரூபாய்க்கு 14 ரூபாய். அந்தப் பிரீமியத்திலும் விவசாயி கட்டுவது கால் பங்குதான். பாதியை வாரியமும் கால் பங்கை மாநிலமும் ஏற்கின்றன. “இளமரத்துக்கு நூத்துக்கு ஒரு ரூபா, முத்துன மரத்துக்கு எண்பது பைசா. ஏன் வித்தியாசம்னு யாரோ உக்காந்து கணக்குப் போட்டிருக்கணும்ல, அந்த வேலைங்கப்பா” என்றார். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் வகுப்பறையில் சொன்னதில்லை.

கேள்வி வந்த விதம்

இரண்டாம் செமஸ்டர் முடிந்த 2025 கோடையில் இரண்டு யோசனைகள் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தன.

முதலாவது கல்லூரியிலிருந்து வந்தது. கேரளத் திட்டத்தில் ‘என் மைனஸ் ஒன்’ என்று ஒரு வசதி: தேவையான கிரெடிட்டுகளை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் மூன்றாண்டுப் பட்டத்தை இரண்டரை ஆண்டில் முடிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவும் 2024 நவம்பரில் இதே போன்ற விரைவுப் பட்ட நடைமுறைக்கு ஒப்புதல் தந்தது. அதன்படி முதல் அல்லது இரண்டாம் செமஸ்டர் முடிவில் மாணவர் விருப்பம் தெரிவிக்க வேண்டும். குழு ஒன்று தகுதி பார்க்கும். அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் பேர் வரைதான் எடுக்கலாம். மூன்றாண்டுப் படிப்பில் ஒரு செமஸ்டரும் நான்காண்டுப் படிப்பில் இரண்டு செமஸ்டர் வரையும் குறையும்.

இரண்டாவது யோசனை அமெரிக்காவில் இருக்கும் தாய்மாமாவுடையது. அங்கே பல பல்கலைகளில் ஆக்சுவரியல் துறையில் ‘நான்கு கூட்டல் ஒன்று’ என்று ஒரு பாதை. இளநிலையின் கடைசி ஆண்டிலேயே சில முதுநிலைப் பாடங்களைப் படித்து, அந்தக் கிரெடிட்டை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஐந்தே ஆண்டில் இரண்டு பட்டத்தோடு வெளியே வரலாம். இரண்டாம் ஆண்டிலேயே மாற்றலாகி வந்துவிடச் சொன்னார் மாமா.

அப்பாவுக்கு இரண்டும் லாபமாகத்தான் பட்டது. “ஏனுங்க சார், ஆறு மாசம் முன்னாடியே முடிக்கலாம்னா முடிச்சுப்புடலாம்ல? எதுக்கு இழுக்கோணும்?”

கேள்வி நியாயமானது. ஆனால் எதிலிருந்து ஆறு மாதம் மிச்சம் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கே சுற்றினாலும் ஐந்து

அமெரிக்கப் பாதையை முதலில் பார்ப்போம். அங்கே இளநிலைக்குப் பொதுவாக 120 கிரெடிட், முதுநிலைக்கு 30. தனித்தனியாகப் படித்தால் ஐந்தரை முதல் ஆறு ஆண்டு. விரைவுப் பாதையில் 9 அல்லது 12 கிரெடிட் இரண்டு பக்கமும் எண்ணப்படுவதால் மொத்தம் 150 என்பது 138, 141 என்று குறைகிறது. ஐந்தாண்டில் முடிகிறது. அமெரிக்க மாணவருக்கு அது மெய்யான சேமிப்பு.

நம் பக்கம் என்ன நிலை? தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைகளில் மூன்றும் இரண்டும் ஐந்து. கோயம்புத்தூர்ப் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் இருக்கும் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி படிப்பும் ஐந்து. கேரளத்தின் புதிய திட்டத்தில் நான்காண்டு ஆனர்ஸும், அதற்குமேல் 2024 ஜூனில் மானியக் குழு வகுத்த ஓராண்டு முதுநிலையும் சேர்ந்து ஐந்து. அமெரிக்க மாணவர் விரைந்து ஓடி எட்டும் இடத்தில் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளை சாதாரணமாக நடந்தே போய் நிற்கிறது. அங்கே ‘விரைவு’ என்ற சொல் ஆறாண்டுப் பழக்கத்தை ஒப்பிட்டு வந்தது. நாம் அந்த ஆறை ஒருநாளும் கட்டியதில்லை.

மாற்றலாகிப் போகிறவருக்கு இன்னொரு சிக்கல். இங்கே படித்த பாடங்களில் எத்தனை அங்கே ஏற்கப்படும் என்பதைப் பல்கலை தனித்தனியே பார்த்து முடிவு செய்யும். குறைந்தபட்சம் இத்தனை கிரெடிட் எங்களிடமே படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். விரைவுப் பாதைக்கு மூன்றாமாண்டில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் அந்தப் பல்கலையின் மதிப்பெண் சராசரி கையில் இருக்க வேண்டும். புதிதாக வந்த ஊர், புதிய ஆங்கிலம், முதல் குளிர்காலம் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தச் சராசரியை எடுக்க வேண்டும். ஒரு செமஸ்டர் பிசகினால் ‘மிச்சம்’ போயிற்று.

பணக் கணக்கை மாணவியே எக்செல்லில் போட்டார். வீட்டில் திரட்டக்கூடியது போக 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டார். உடனே கட்டத் தொடங்கினால் மாதம் ஏறத்தாழ 55,100 ரூபாய். படிக்கும் காலத்தில் கட்டாமல் இரண்டு ஆண்டுச் சாதாரண வட்டி மட்டும் சேர்ந்தாலும் கடன் 48 லட்சத்து 80 ஆயிரம் ஆகி, தவணை 67,200 ரூபாயைத் தொடுகிறது. மாமாவுக்கு அந்தத் தாளை அனுப்பினார்கள். அவர் வட்டியை 9 சதவீதமாக மாற்றித் திருப்பி அனுப்பினார். அப்போதும் 59,800 வந்தது. அங்கே வேலை கிடைத்தால் இது பெரிய தொகையல்ல, கிடைக்காவிட்டால் தோப்பு போகும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே உள்ள நிகழ்தகவைக் கணிப்பதுதான் இவர் படிக்கப்போகும் தொழில் என்பது வேடிக்கை.

மாமா தரப்பில் ஒரு நல்ல வாதமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆக்சுவரியல் அறிவியல் அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது. படிப்புக்குப் பின் 12 மாதப் பணிப் பயிற்சி அனுமதியும், அதன்மேல் 24 மாத நீட்டிப்பும் கேட்கலாம். ஆனால் இந்த வசதி முதுநிலை முடித்தவருக்கும் உண்டு. இங்கே பட்டம் முடித்துவிட்டு, அங்கே முப்பது கிரெடிட் முதுநிலைக்கு மட்டும் போனாலும் அதே மூன்று ஆண்டுகள் கிடைக்கும். போவதென்றால் அப்போது போகலாம். செலவு அத்தனை ஆண்டுக்கு இல்லை.

தாள்களின் கடிகாரம்

இந்தத் தொழிலில் பட்டம் ஒரு கடிகாரம், தாள்கள், அதாவது தொழில் அமைப்பு நடத்தும் தேர்வுகள், இன்னொரு கடிகாரம். ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர் எல்லோரும் முதல் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார்கள். மருத்துவம், வக்கீல், ஆசிரியர் வேலைகளில் பட்டத்தை வைத்தே பெரும்பாலும் நடப்பதால் அது இயல்புதான்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு ஆக்சுவரிகள் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம்தான் இந்தத் தகுதியைத் தருகிறது. அதன் வேர் 1944இல் தொடங்கிய ஆக்சுவரியல் சங்கத்தில். பிளஸ் டூ முடித்தவர் ‘ஏசெட்’ என்ற பொது நுழைவுத் தேர்வில் தேறி மாணவ உறுப்பினர் ஆகலாம். டிகிரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2019இல் வந்த பாடத்திட்டத்தில் ஃபெலோ என்ற முழுத் தகுதி நிலைக்கு 13 தாள்கள்: ஏழு அடிப்படைத் தாள்கள், மூன்று நடைமுறைத் தாள்கள், இரண்டு சிறப்புத் தாள்கள், கடைசியில் ஓர் உயர்சிறப்புத் தாள். காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் கையெழுத்திடும் உரிமை ஃபெலோ ஆனவருக்கே. எம்.எஸ்சி வைத்திருப்பதால் அந்த உரிமை வராது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸ் 1949 முதல் இருக்கிறது. நிகழ்தகவுக்கான ‘பி’, நிதிக் கணிதத்துக்கான ‘எஃப்எம்’ ஆகிய இரண்டும் வேலைக்குள் நுழைவதற்கு முன்பே பலர் முடித்துவிடும் தாள்கள். நிறுவனங்கள் புதியவரிடம் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். வேலையில் சேர்ந்தபின் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டி, அலுவலக நேரத்திலேயே படிக்க மணிக்கணக்கு ஒதுக்கும் பழக்கம் அங்கே பரவலாக உண்டு. எனவே தாளே இல்லாத முதுநிலைப் பட்டம் அங்கும் மதிப்பு குறைந்தது. பல்கலைப் படிப்புக்கு ஒரு தனிப் பலன் உண்டு: அந்தச் சங்கம் அங்கீகரித்த சில பல்கலைகளில் குறிப்பிட்ட பாடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்தால் அதற்கு ஈடான தேர்வை எழுத வேண்டியதில்லை. பொருளியல், கணக்கியல் மற்றும் நிதி, கணிதப் புள்ளியியல் ஆகிய மூன்று கூடுதல் தேவைகளையும் கல்லூரிப் பாடத்திலேயே பி மைனஸ் கிரேடுக்குக் குறையாமல் எடுத்துத் தீர்க்கலாம். ஒரு விரைவுப் பாதையின் மதிப்பை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அது எத்தனை தாளைக் குறைக்கிறது? எத்தனை செமஸ்டரைக் குறைக்கிறது என்பது அதற்குப் பிறகு.

அரை வருடம் எங்கே போகும்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். என் மைனஸ் ஒன்.

கேரளத் திட்டத்தில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 133 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 177. ஆறு செமஸ்டரில் 133 என்றால் செமஸ்டருக்கு 22 சொச்சம். அதையே ஐந்தில் அடைத்தால் 26.6. வித்தியாசம் நாலரை கிரெடிட்டுக்கு ஒரு துளி குறைவு. ஒரு தியரி கிரெடிட்டுக்குப் பதினைந்து மணி வகுப்பு என்ற கணக்கில் அது செமஸ்டருக்கு 66 மணி. வீட்டுப் படிப்பு தனி. இவர் முதல் இரண்டு செமஸ்டரில் கூடுதலாக எதுவும் சேர்க்கவில்லை. எனவே மிச்சம் மூன்று செமஸ்டரில் அந்த முழுப் பாரமும் விழும்: ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 கிரெடிட்.

அந்த மணிகள் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்து கொஞ்சம். மீதி, அடிப்படைத் தாள்களில் ஒன்றான சிஎஸ்1 என்ற புள்ளியியல் தாளுக்குப் படிக்க வைத்திருந்த நேரத்திலிருந்து.

சரி, தலைகீழாக நின்று முடித்துவிட்டார் என்றே வைப்போம். ஐந்தாம் செமஸ்டர் ஆண்டு இறுதியில் முடியும். டிசம்பரில் பட்டத் தகுதி கையில். முதுநிலை வகுப்பு எப்போது தொடங்கும்? கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஜூன், ஜூலைக்கு முன் கிடையாது. மிச்சம் பிடித்த அரை வருடம் அப்படியே காத்திருப்பாக மாறுகிறது. வேலைக்குப் போகலாமே என்றால், ஆக்சுவரியல் அனலிஸ்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் மும்பை, பெங்களூரு, குருகிராம் அலுவலகங்கள் கேட்பது தேறிய தாள்களை. தாளுக்கான நேரத்தைத்தான் இந்த அவசரம் தின்றுவிட்டதே.

ஒரே ஒரு விதத்தில் இந்த அரை வருடம் பயன்படும்: ஆண்டுக்கு இருமுறை நடக்கும் தாள் தேர்வில் கோடை அமர்வுக்கு அந்த ஆறு மாதத்தையும் முழுதாகக் கொடுக்கலாம். இரண்டு தாள் தேறலாம். ஆனால் அதே இரண்டு தாளை மூன்று செமஸ்டர்களில் நிதானமாகவும் தேறலாம், வகுப்பில் அதே பாடம் நடந்துகொண்டிருக்கும் சூட்டோடு. சிஎஸ்1 என்பது பெரும்பகுதி இளநிலைப் புள்ளியியல்தான்: நிகழ்தகவுப் பரவல்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை, பின்னடைவு, பேயீசியன் முறை. பொருளியலைத் துணைப் பாடமாக எடுத்தவருக்கு சிபி2 என்ற வணிகப் பொருளியல் தாள் பாதி தெரிந்த வீடு. கல்லூரிப் பாடமும் தொழில் தாளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் காலம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள். அந்தக் காலத்தைச் சுருக்குவது என் பார்வையில் முதலுக்கே மோசம்.

முடிவும் அதன்பின் நடந்ததும்

பட்டத்தை விரைவுபடுத்துவதில்லை, தாள்களை முன்னுக்கு இழுப்பது என்று முடிவானது. அப்பாவுக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். “அப்ப கடைசியில ஒண்ணும் மிச்சமில்லீங்களா?” என்று கேட்டார். தாள்களில் மிச்சமாகும் என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்தில் நம்பிக்கை குறைவாகவே இருந்தது.

ஏசெட் தேர்வில் மாணவி முதல் முறையிலேயே தேறினார். கணிதமும் புள்ளியியலும் தொல்லை தரவில்லை. ஆங்கிலப் பகுதிக்குத்தான் கூடுதல் உழைப்பு. பிறகு 2025 கடைசி அமர்வில் சிபி2, சிஎஸ்1 இரண்டுக்கும் விண்ணப்பித்தார். சிபி2 தேறியது. சிஎஸ்1 போனது.

போன காரணத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இதே சறுக்கலை வேறு பிள்ளைகளிடமும் கண்டிருக்கிறேன். சிஎஸ்1 இரண்டு பகுதி. ‘ஏ’ எழுத்துத் தேர்வு, ‘பி’ கணினியில் ஆர் என்ற நிரல்மொழியில் தரவை அலசும் தேர்வு. எடை 70-க்கு 30. இவர் ஏ பகுதியில் மட்டும் உழைத்து, பி பகுதியைச் சின்னது என்று கடைசிக்குத் தள்ளினார். கல்லூரி லேபில் ஆர் உண்டு. ஆனால் அங்கே செய்வது பத்து வரிப் பயிற்சி. தேர்வில் வருவது ஒரு முழுத் தரவுக் கோப்பு. வீட்டில் இருந்த பழைய மடிக்கணினியில் பயிற்சி எடுக்க நினைத்ததும் நீளவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு மாலை லேபுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். துறைத்தலைவர் சாவியை நம்பிக் கொடுத்தார் என்பது சிறிய செய்தியாகத் தெரியலாம். ஒரு தாளைத் தேறவைப்பது சில சமயம் அதுதான்.

என் மைனஸ் ஒன் எடுத்த வகுப்புத் தோழர் ஒருவரும் இருக்கிறார். அவர் நோக்கம் மத்திய அரசுத் தேர்வுகள். பட்டத் தகுதி எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. அவருக்கு அந்தப் பாதை சரி. விரைவுப் பாதையே தவறு என்று இந்த ஆய்வைப் படித்துவிட வேண்டாம்.

இன்னும் தீராதது

மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு பிரிவு காத்திருக்கிறது. 133 கிரெடிட்டோடு பட்டம் வாங்கி, திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக மக்கள்தொகையியல் துறை நடத்தும் எம்.எஸ்சி ஆக்சுவரியல் அறிவியல் போன்ற இரண்டாண்டுப் படிப்பில் சேர்வது ஒன்று. நான்காம் ஆண்டையும் முடித்து ஆனர்ஸோடு ஓராண்டு முதுநிலைக்கு முயல்வது மற்றொன்று.

காலம் இரண்டிலும் ஒன்றே என்பதால் இது எளிய தேர்வு போலத் தோன்றும், அப்படியில்லை. ஓராண்டு முதுநிலை என்பது நடைமுறையில் இரண்டாண்டுப் படிப்பின் இரண்டாம் ஆண்டுக்குள் நேரே நுழைவது. புள்ளியியல் முதுநிலைக்குப் போகும் புள்ளியியல் ஆனர்ஸ் மாணவருக்கு அதில் சிரமமில்லை. ஆக்சுவரியல் முதுநிலையில் முதலாண்டில்தான் தொழிலின் அடித்தளமே வருகிறது: வட்டிக் கோட்பாடு, ஆண்டுத்தொகை, ஆயுள் அட்டவணை, உயிர் சார்ந்த பணப்பாய்வுகளின் இன்றைய மதிப்பு. சிஎம்1 என்ற ஆக்சுவரியல் கணிதத் தாளின் உடலே அது. புள்ளியியல் ஆனர்ஸில் இதில் ஒரு வரிகூட நடத்தாமல் நான்கு ஆண்டு போய்விடலாம். அப்படிப்பட்டவரை இரண்டாம் ஆண்டில் உட்காரவைத்தால், இருப்பு நிதிக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போது முழிப்பார்.

இவரைப் பொறுத்தவரை விடை சிஎம்1-இல் இருக்கிறது. நான்காம் ஆண்டுக்கு முன் அதைத் தனியாகத் தேறிவிட்டால் ஓராண்டு முதுநிலையின் ஓட்டை அடைபடும். அங்கே நேர்முகத்தில் சொல்லவும் ஒரு பிடி இருக்கும். தேறாவிட்டால் இரண்டாண்டு எம்.எஸ்சிதான் பத்திரமானது. முதலாண்டு வகுப்புகளே சிஎம்1-க்கான பயிற்சியாக அமையும். முதுநிலையே இல்லாத மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: மூன்றாண்டுப் பட்டமும் நான்கைந்து தாளும் கையில் இருந்தால் நேரே வேலைக்குப் போய், முதுநிலையை மறந்துவிட்டு, மீதித் தாள்களை வேலையிலிருந்தே எழுதுவது. இந்தத் துறையில் இப்படி ஃபெலோ ஆனவர்கள் நிறையப் பேர். பாலக்காட்டுப் பெற்றோரிடம் “எம்.எஸ்சி வேண்டாம்” என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் இவருக்கு அதுவே பொருத்தமாகிவிடலாம் என்று நினைக்கிறேன்.

காரியவட்டத்துத் துறைக்குக் கேட்டு எழுத மூன்று கேள்விகளைத் தயார் செய்திருக்கிறோம். நான்காண்டுப் பட்டதாரிகளுக்கு ஆக்சுவரியலில் ஓராண்டு நுழைவு திறக்கப்படுமா? திறந்தால் முதலாண்டுப் பாடங்களுக்கு ஈடாக ஆக்சுவரிகள் நிறுவனத்தின் தாள்களை ஏற்பார்களா? வேற்றுத் துறை ஆனர்ஸ் மாணவருக்கும் அது பொருந்துமா? மின்னஞ்சலை இந்த முறை மாணவியே எழுதுகிறார். ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார், நான் ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினேன். சிஎஸ்1 மறுமுறைக்கு அக்ஷயா இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டியாகிவிட்டது.